சாரல் அடிக்குது... கம்ப்யூட்டர் ஏன் கொதிக்குது?

கேம் ஆடும்போது மட்டும் பட்டென்று அணைந்துபோகிறதா உங்கள் வீட்டு டெஸ்க்டாப்? புது கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இதோ!

இந்த வாரக் கேள்வி:

"தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம் எங்கள் ஊர். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள் டைப் செய்வது, ஆன்லைன் வகுப்பு எடுப்பது எல்லாமே வீட்டு டெஸ்க்டாப்பில்தான். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. காலேஜ் படிக்கும் மகன் ராத்திரியில் அதில் கேம் ஆடுவான். ஏப்ரல் மாதத்திலிருந்து கேம் ஆரம்பித்த இருபது நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. என் வேலையின்போது ஒரு நாளும் அணைந்ததில்லை. 'சீசன் வந்தா சரியாயிடும்' என்றான். இப்போது ஜூலை. சாரல் அடிக்கிறது, ஃபேன் போடாமலே தூங்குகிறோம். ஆனாலும் அணைகிறது. இருபது நிமிடம் நாற்பது நிமிடம் ஆனதுதான் மிச்சம். கடையில் கேட்டால், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதாகப் போட 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். 'கேம் ஆடியே கெடுத்துட்டான்' என்று அவன் அப்பா சத்தம் போட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கார்டை மாற்றுவதா, கேமை நிறுத்தச் சொல்வதா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்திலேயே மூன்று தடயங்கள் இருக்கின்றன. கேம் ஆடும்போது மட்டும் அணைகிறது. ஆரம்பித்த உடனே இல்லாமல், கொஞ்ச நேரம் கழித்து அணைகிறது. வெளியில் குளிர்ந்ததும் அந்த நேரம் நீள்கிறது. மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான் விழ வேண்டும். கார்டு செத்துவிட்டது என்பது கடைசியில் வர வேண்டிய முடிவு.

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. வெப்பநிலையை அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. இந்த வாரம் சொல்லப்போவதன் சாரம் அவ்வளவுதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் வினாத்தாள்கள், மாணவர்களின் விவரங்கள், குடும்பப் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள். திடீர் திடீரென்று அணையும் கம்ப்யூட்டரில் கார்டைவிட விலை உயர்ந்தது அதற்குள் இருக்கும் உங்கள் உழைப்பு.

கேம் கெடுத்ததா, காட்டிக்கொடுத்ததா?

தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை சமவெளியில் அலுங்காமல் போகும் வண்டி, புளியரை தாண்டி மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து நிற்கிறது என்று வையுங்கள். மலைப்பாதை வண்டியைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். ரேடியேட்டரில் ஏற்கெனவே கோளாறு இருந்தது, ஏற்றத்தில் தெரிந்தது என்போம். கம்ப்யூட்டருக்கு வினாத்தாள் டைப் செய்வது சமவெளி. கேம் என்பது மலை ஏற்றம்.

டைப் செய்யும்போது கிராபிக்ஸ் கார்டு கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருக்கும். கேம் ஓடும்போது முழுப் பலத்தில் வேலை செய்யும். உதாரணத்துக்கு, பல வீடுகளில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு அதன் நிறுவனம் குறிப்பிடும் மின்அளவு 170 வாட். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். பிராசஸரின் வெப்பம் தனி. பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டு மூடிவைத்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. வெளியே போக வழியில்லாவிட்டால் அந்த வெப்பம் உள்ளேயே சேர்ந்துகொண்டே போகும். அதற்கு ஆகும் நேரம்தான் உங்கள் இருபது நிமிடம்.

அணைவதும் பாதுகாப்புக்குத்தான். பிராசஸருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. எல்லையை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது கேம் திக்கித் திக்கி ஓடும். அப்படியும் சூடு ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். கார்டிலும் இதே ஏற்பாடு உண்டு. எனவே அணைந்த கம்ப்யூட்டர் செத்த கம்ப்யூட்டர் அல்ல. ஆனால் 'அதான் தானா அணைஞ்சுக்குதே' என்று மாதக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு முறை திடீரென்று அணையும்போதும், சேமிக்காத ஃபைல் கெட்டுப்போகலாம்.

சீசன் சொல்லும் சேதி

குற்றாலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல், மே மாதம் வெயில். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியாக வந்துவிட்டால் சாரலும் குளிரும். ஒரே கம்ப்யூட்டரை இரண்டு தட்பவெப்பத்தில் பார்க்கும் வாய்ப்பு இது.

அறையின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உள்ளே இருக்கும் பாகங்களின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு குறைய வேண்டும். காற்று சரியாகப் போய்வரும் கம்ப்யூட்டர் மே மாதத்தில் தடுமாறினாலும் ஜூலையில் நிம்மதியாக ஓடும். சீசனில் முழுக்கச் சரியாகி, அடுத்த கோடையில் மறுபடி அணைந்தால், அது விளிம்பில் ஓடும் கம்ப்யூட்டர் என்று அர்த்தம். சாரல் நோயைக் குணமாக்கவில்லை, மறைத்துவைத்திருக்கிறது.

உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. ஃபேன் தேவைப்படாத குளிரிலும் அணைகிறது என்றால், குற்றவாளி வெயில் அல்ல. பெட்டிக்குள்தான் எங்கோ அடைப்பு இருக்கிறது.

"இவ்வளவு ஈரக்காற்று கம்ப்யூட்டருக்கு ஆகுமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன் மேல் ஈரம் படியாது. ஈரப்பதம் வேறு வழியில் வேலையைக் காட்டும். காய்ந்த தூசி ஊதினால் பறந்துவிடும். ஈரம் பட்ட தூசி கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வழியாகச் சாரலே நேரடியாக உள்ளே அடித்திருந்தால் மட்டும், நன்றாகக் காயும்வரை சுவிட்ச் போடாதீர்கள்.

முதல் நாள்: அளக்கும் வேலை

நாம் பேச்சுவழக்கில் 'சிபியு' என்று சொல்லும் பெட்டிக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கேபினெட். அதற்குள் இருக்கும் சில்லுதான் பிராசஸர். நாம் அளக்கப்போவது இரண்டு வெப்பநிலைகளை: பிராசஸருடையது, கிராபிக்ஸ் கார்டுடையது.

விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-லும் கார்டின் வெப்பம் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் 'ஜிபியு' என்பதன் அருகிலேயே டிகிரி இருக்கும். பிராசஸரின் வெப்பத்தை டாஸ்க் மேனேஜர் காட்டாது. அதற்கு 'கோர் டெம்ப்' மாதிரி ஒரு சின்ன இலவச மென்பொருள் போதும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்ணைப் பார்க்க வேண்டுமானால் 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்' இருக்கிறது. கேம் ஆடும் பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்த வேலையை மகனிடமே கொடுங்கள்.

ஒரு நோட்டில் நான்கு நேரங்களில் இரண்டு எண்களையும் குறிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் போட்டு பத்து நிமிடம் சும்மா இருக்கும்போது ஒன்று. கேம் ஆரம்பித்த 5-வது நிமிடம், 15-வது நிமிடம். பிறகு அணைவதற்குச் சற்றுமுன் கடைசியாகத் தெரிந்தது.

எண்கள் என்ன சொல்கின்றன?

சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி, கேமில் 65 முதல் 80 டிகிரி என்றால் கவலை இல்லை. 85-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும். எல்லை ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90, 7000 வரிசையில் 95. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 93.

எண்ணை மட்டும் பார்க்காமல், அது எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள்.

பிராசஸர் ஒரே நிமிடத்தில் 50-லிருந்து 95-க்குத் தாவினால், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் சரியாக ஒட்டவில்லை, அல்லது அதன் ஃபேன் சுற்றவில்லை.

இரண்டும் மெதுவாக, ஒன்றாக, நிற்காமல் ஏறினால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை.

கார்டு மட்டும் ஏறி, பிராசஸர் 70-லேயே நின்றால் கார்டின் ஃபேனிலோ அதன் ஹீட் சிங்கிலோதான் அடைப்பு.

இரண்டும் 70-ஐத் தாண்டாதபோதே அணைந்தால், பிரச்னை வெப்பம் அல்லாத வேறொன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் நாள்: கதவைத் திறங்கள்

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், வெளியே சாதாரணமாக வீசும் காற்று அந்த வாசலுக்குள் எப்படி வேகமெடுக்கிறது என்று. வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி இருந்தால்தான் காற்று ஓடும். கேபினெட்டுக்கும் அதே கணக்குத்தான். முன்பக்கம் குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் சூடான காற்று வெளியே போக வேண்டும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கேபினெட் வைப்பதற்கென்றே ஒரு அறை வைத்த மர கம்ப்யூட்டர் டேபிளை வாங்குகிறோம். மூன்று பக்கம் பலகை, முன்னால் கதவு. அதில் கேபினெட்டைச் செருகி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, தூசி படாமல் இருக்க மேலே ஒரு துணியும் போடுகிறோம். பின்னால் வெளியேறும் சூடான காற்று சுவரில் முட்டி, சுற்றிக்கொண்டு, மறுபடி முன்பக்கம் வழியாகவே உள்ளே போகிறது.

சோதனை எளிது. கேபினெட்டை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்து, தரையில் இல்லாமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். சுவருக்கும் அதற்கும் ஒரு அடி இடைவெளி இருக்கட்டும். ஒரு நாள் இப்படியே கேம் ஆடிப் பார்த்து எண்ணைக் குறியுங்கள். அடுத்த நாள், கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் திறந்துவையுங்கள். பிறகு பிளக்கை மாட்டி அதே கேமை ஆடிப் பாருங்கள். கை எதுவும் உள்ளே போகக் கூடாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்.

வெளியே எடுத்ததும் 10 டிகிரி குறைந்தால் டேபிள்தான் காரணம். பக்கவாட்டைத் திறந்ததும் குறைந்தால் கேபினெட் ஃபேன்களும் முன்பக்க வலையும்தான் காரணம். எதைச் செய்தாலும் குறையவில்லை என்றால் ஹீட் சிங்க்கிலோ தெர்மல் பேஸ்டிலோ கோளாறு.

திறந்துவைத்தால் குறைகிறது என்பதற்காக அப்படியே விட்டுவிட வேண்டாம். நம் ஊரில் பல்லியும் எறும்பும் அதற்காகவே காத்திருக்கின்றன.

தூசியில் எத்தனை வகை!

தகட்டைத் திறந்ததும் பிராசஸர் ஃபேனுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட் சிங்க்கின் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். அங்கே சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி ஏதாவது தெரிந்தால், நீங்கள் தேடிய ஆள் அதுதான். மேலே ஃபேன் நன்றாகச் சுற்றும். ஆனால் காற்று அந்த மெத்தையைத் தாண்டிக் கீழே போகாது.

தென்காசி மாவட்டத்திலேயே ஊருக்கு ஊர் தூசி மாறும். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சு இழை. ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூள். பூஜை அறைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் சாம்பிராணி, கற்பூரப் புகை. சமையலறைக்கு அருகே என்றால் தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய் ஆவி, தூசியைப் பிசின் போல ஒட்டவைத்துவிடும். வீட்டில் நாய், பூனை இருந்தால் முடி. இப்படிப்பட்ட வீடுகளில் வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் போதாது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்குச் சீசனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு முறை.

மூன்றாம் நாள்: சுத்தம்

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். சாரல் இல்லாத நேரமாகப் பார்த்து, திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ வைத்துச் செய்யுங்கள்.

மென்மையான புது பெயின்ட் பிரஷ்ஷும், கையால் அமுக்கும் சின்ன ஊதுபையும் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

செய்யக் கூடாதவை மூன்று. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஊதாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீர்த் துளிகள் வரும், வேகமும் அதிகம். வீட்டு வேக்குவம் கிளீனரின் முனையை மதர்போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். வெளியிலிருந்து வலையை மட்டும் பிரஷ்ஷால் துடையுங்கள்.

கையோடு ஃபேன்களின் திசையையும் பாருங்கள். பொதுவாக, ஃபேனின் திறந்த பக்கம் காற்றை இழுக்கும். குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம் காற்றைத் தள்ளும். முன்னால் இருப்பது உள்ளே தள்ளவும், பின்னால் இருப்பது வெளியே தள்ளவும் வேண்டும். சிலருக்கு இரண்டுமே வெளியே தள்ளும்படி மாட்டப்பட்டிருக்கும்.

தெர்மல் பேஸ்ட்: சுண்டு விரலுக்கும் குறைவு

பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்பவே இந்தப் பேஸ்ட். சில வருடங்களில் இது காய்ந்து பொருக்காகிவிடும். நான்கு வருடம் ஆன உங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டிய நேரம்தான். சின்ன ட்யூப், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடைத்து எடுக்க வேண்டும். கைக்குப் போடும் ஜெல் சானிடைசர் வேண்டாம், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். புதியதை நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து ஹீட் சிங்க்கை நேராக அமுக்கினால் தானாகப் பரவும். தோசைக்கு எண்ணெய் போல நிறைய ஊற்றினால் பலன் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ரைசன் 5000 வரையிலான ஏஎம்டி பிராசஸர்களில், காய்ந்த பேஸ்ட் பிடித்திருக்கும்போது ஹீட் சிங்க்கை வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் பின்களோடு சேர்ந்து வந்துவிடும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். இன்டெல்லோடு வரும் வட்ட ஹீட் சிங்க்கில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்று விலகியிருந்தாலே வெப்பம் தாவும். நான்கும் 'கிளிக்' என்று உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கை நடுங்கும் என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுங்கள். கிராபிக்ஸ் கார்டைப் பிரிப்பதையும் அவர்களிடமே விடுங்கள். வாரன்டி இருந்தால் பிரிக்கவே வேண்டாம்.

பைசா செலவில்லாத வைத்தியம்

பெரும்பாலான வீட்டு மானிட்டர்கள் 60 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 60 படங்களைத்தான் காட்ட முடியும். ஆனால் கட்டுப்பாடு போடாவிட்டால் கார்டு 150, 200 என்று படங்களை வரைந்து தள்ளும். மானிட்டர் காட்ட முடியாத படங்களுக்காகவும் சேர்த்துச் சூடாகும். கேம் செட்டிங்கில் 'ஃபிரேம் லிமிட்' இருந்தால் 60 வையுங்கள், அல்லது 'வி-சிங்க்' ஆன் செய்யுங்கள். ஆடுபவர் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வெப்பத்தில் நன்றாகத் தெரியும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்டு' கேம் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. கேமின் மெனு திரையில் ஃபிரேம் கட்டுப்பாடு இல்லை என்ற புகார் எழுந்தது. அமேசான் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. கார்டு தயாரித்த ஈவிஜிஏ நிறுவனம், பாதிக்கப்பட்ட தன் கார்டுகளில் சால்டரிங் குறை இருந்தது என்று பின்னர் சொல்லி, அவற்றை மாற்றிக்கொடுத்தது. குறை கார்டில் இருந்தது, கேம் அதை வெளியே கொண்டுவந்தது. உங்கள் வீட்டுக் கதையும் இதே ஜாதிதான்.

ஆஃப்டர்பர்னரில் 'பவர் லிமிட்' என்பதை 80 சதவிகிதமாகக் குறைப்பது இன்னொரு வழி. வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையக் குறையும்.

வெப்பம் சரி... அப்படியும் அணைகிறதா?

70 டிகிரியிலேயே அணைந்தால் முதலில் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பேட்டரி பழசானால் அதுவும் கிடையாது. சீசன் காற்றில் மரக்கிளை கம்பியில் உரசி, ஒரு விநாடி கரன்ட் வெட்டினால், டைப் செய்யும்போதுள்ள 80, 100 வாட்டைப் பழைய பேட்டரி சமாளித்துவிடும். கேம் இழுக்கும் 300 வாட்டைச் சமாளிக்க முடியாது. பார்ப்பவருக்கு 'கேம் ஆடினால் மட்டும் அணைகிறது' என்றே தோன்றும். ஒரு நாள் மட்டும் யுபிஎஸ் இல்லாமல், எர்த் சரியாக உள்ள பிளக்கில் நேரடியாக மாட்டி, முக்கிய வேலை எதுவும் திறந்துவைக்காமல் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்த டப்பாவில் '450 வாட்' என்று ஸ்டிக்கர் இருந்தாலும் அது அவ்வளவு கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு அதன் நிறுவனமே 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைக்கிறது. கடையில் இருக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு மணி நேரம் மாட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

அணையாமல் நீலத் திரை வந்தால் ராம், டிரைவர் பக்கம் தேடுங்கள். கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வந்துவிட்டால் கேம் ஃபைல்கள், டிரைவர், ராம் மூன்றையும் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூயரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பு எழுத்தில் இருப்பதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். 'முறையாக ஷட்டவுன் ஆகவில்லை' என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். இன்டெல் 13, 14-ம் தலைமுறையின் உயர்ரக டெஸ்க்டாப் பிராசஸர்களில் கேம்கள் தொடர்ந்து மூடிக்கொண்டதற்கு, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும் மைக்ரோகோட் கோளாறு காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் மூலம் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான பிராசஸரை அப்டேட் சரிசெய்யாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். எனவே அந்தத் தலைமுறை பிராசஸர் இருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பயாஸை அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், மகன் எழுதிய நோட்டோடு கடைக்குப் போங்கள். "கேம் ஓடும்போது வெப்பநிலை எவ்வளவு காட்டுகிறது?", "வேறு கார்டு மாட்டினால் அணையாமல் ஓடுகிறதா?", "இந்தக் கார்டை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அங்கேயும் அணைகிறதா?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகச் செய்து காட்டுவார். வேறு கார்டில் ஓடுகிறது, இந்தக் கார்டு வேறு கம்ப்யூட்டரிலும் தகராறு செய்கிறது என்று கண்ணெதிரே தெரிந்தால், அப்போது 18,000 ரூபாயைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசை காட்டினால் கொஞ்சம் நில்லுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம் கார்டு வைத்து மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டது. இரவும் பகலும் ஓடிய கார்டுகள் அதன்பிறகு பழைய பொருள் சந்தைக்கு வந்தன. ஓட்டிக் காட்டாமல், வெப்பநிலை பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடைசியாக, வீட்டு வழக்கு. அப்பாவின் கவலையில் நியாயம் உண்டு, அந்தக் கம்ப்யூட்டரில் வீட்டு வருமானமும் இருக்கிறது. ஆனால் கெடுத்தது மகன் அல்ல. பெரும்பாலும் டேபிளும் தூசியும் காய்ந்த பேஸ்ட்டும்தான். நோட்டில் எண் எழுதுவது மகன் வேலை, ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது அப்பா வேலை என்று பிரித்துக்கொடுத்துப் பாருங்கள். உள்ளேயிருந்து வரும் தூசி மூட்டையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைத்துவிடும்.

சரியான பிறகும் அந்த நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த ஏப்ரலில், வெயில் ஏறியதும், அதே கேமில் அதே 15-வது நிமிடத்தில் மறுபடி அளந்து எழுதுங்கள். 85-க்குள் நின்றால் வைத்தியம் பலித்துவிட்டது.

அடுத்த வாரம்: சார்ஜ் போட்டுக்கொண்டே மொபைலில் கேம் ஆடலாமா?